ஒன்பதா எண்பதா? ஹாம் ரேடியோ நெட்டில் இன்னும் உறுத்துகிற ஒரு நிமிடம்

சிற்றலை:

நூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணம், நான் நெட் கன்ட்ரோல், அதாவது எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேசும் ரேடியோ வலையை நடத்துபவன். பெரிய குழு காலை 5 மணிக்கே கிளம்பிவிட்டது. இருபது கிலோமீட்டர் குழு 7.40க்கு. மலைமேல் ரிப்பீட்டர் (நம் சிக்னலை வாங்கித் திருப்பி ஒலிபரப்பும் நிலையம்), தண்ணீர் கொடுக்கும் இடங்களில் ஆளுக்கொரு கையடக்க செட், சாலையில் சுற்ற மொபைல் செட் வைத்த இரண்டு ரோவர் வண்டிகள். ஆம்புலன்ஸ் இரண்டு. ஒன்று தொடக்க இடத்தில், இன்னொன்று எழுபதாவது கிலோமீட்டரில். இரண்டிலும் ஒரு ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்) கூடவே உட்கார்ந்திருந்தார்.

8 மணி 4 நிமிடம். "கன்ட்ரோல், ரோவர் இரண்டு. ஒருத்தர் விழுந்துட்டார், தலையில அடி. ஆம்புலன்ஸ் அனுப்புங்க." எந்த இடம் என்று கேட்டேன். அவர் பி.டி.டி.யை (பேசுவதற்கு அழுத்தும் பொத்தானை) அழுத்திய அதே மூச்சில் பதில் சொல்லிவிட்டார். ரிப்பீட்டர் நம் செட் அனுப்பும் அடையாள டோனைப் பிடித்துத் திறக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் அசை அடிபட்டுப் போனது. மிஞ்சியது என் காதில் "ஒன்பதாவது கிலோமீட்டர்" என்று விழுந்தது. "ரோஜர், வருது" என்றேன். லாக் தாளில் 9 என்று எழுதி வட்டமும் போட்டேன். தொடக்க இடத்து வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

8.15க்கு அந்த ஆம்புலன்ஸில் இருந்தவர் கூப்பிட்டார்.

"கன்ட்ரோல், ஒன்பதுல யாருமே இல்லை. ரோடு காலியா இருக்கு."

இந்த வரிதான். மூன்று வருடம் ஆகிறது, இன்னும் அதே குரலில் கேட்கிறது. அதற்குள் ரோவரும் உள்ளே வந்துவிட்டார், "எண்பது, எண்பது, எட்டு சைபர்" என்று கத்தினார். எழுபதில் நின்ற வண்டி பத்து கிலோமீட்டர்தான் போக வேண்டியிருந்தது. அது கிளம்பவே 8.16 ஆகிவிட்டது.

விழுந்தவர் பிழைத்தார், தேறினார், அடுத்த வருடம் சைக்கிளும் ஓட்டினார். ஆனால் அந்தப் பன்னிரண்டு நிமிடம் என் கணக்கில்தான் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், காது மட்டும் ஏமாறவில்லை. சின்னக் குழு கிளம்பி இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது, என் கவனம் முழுக்க அவர்கள் மேல். அடி என்றதும் ஒன்பதாவது கிலோமீட்டராகத்தான் இருக்கும் என்று மனசு முன்கூட்டியே தயாராகிவிட்டது. வாங்கிய எண்ணைத் திருப்பிச் சொல்லியிருந்தால் நான்கு நொடியில் தெரிந்திருக்கும். பயிற்சியில் மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான்.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். சொல்லுங்கள்.

செம்புக்கம்பி:

இதில் உங்கள் தவறு பாதிகூட இல்லை. அழுத்திவிட்டு ஒரு நொடி பொறுத்துப் பேச வேண்டும் என்பது முதல் நாள் பாடம். ரோவர் அதைச் செய்யவில்லை. இரண்டாவது, எண்களைத் தமிழில் ஏன் சொல்ல வேண்டும்? ஒன்பது, ஐம்பது, எண்பது மூன்றுக்கும் வால் ஒன்றுதான், தலை போனால் என்ன செய்ய முடியும்? ஏழும் எட்டும்கூட இரைச்சலில் ஒன்றுபோலத்தான் வரும். நான் உட்கார்ந்த நெட் எல்லாவற்றிலும் ஆங்கில எண்தான்.

ஒரு தடவை ஓட்டப்பந்தயத்தில் விழுந்தவரின் நெஞ்சில் குத்திய எண் 57 என்று வந்தது. 57ஆம் எண் ஓட்டக்காரரின் அண்ணன் என் மேசைக்கு எதிரிலேயே நின்றார். தம்பிதான் என்று நினைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உண்மையில் அது 97. தம்பி ஐந்து நிமிடத்தில் கோட்டைத் தாண்டி ஓடி வந்தான். அந்த ஐந்து நிமிடமும் அந்த அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

நாற்பது மீட்டர்:

செம்புக்கம்பி, உங்கள் 57, 97 ஆங்கிலத்தில் சொன்னதுதானே? ஃபைவும் நைனும் குழம்பக் கூடாது என்றுதான் விமானக்காரர்கள் ஒன்பதை நைனர் என்கிறார்கள். மொழியை மாற்றினால் தீராது. ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

சரி, என்னுடையது.

புயலுக்கு மறுநாள். செல்போன் கோபுரங்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. நான் நிவாரணக் கட்டுப்பாட்டு அறையின் வராந்தாவில், மொட்டைமாடியில் தாழ்வாகக் கட்டிய தலைகீழ் வி டைபோல் ஏரியலோடு. எதிர்முனை 120 கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கூட முகாம். பகல் முழுக்க 7 மெகாஹெர்ட்ஸில், அதாவது 40 மீட்டர் அலையில், பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோல அத்தனை தெளிவு. மருந்து, தார்ப்பாய், படகு, எல்லாச் செய்தியும் அதில்தான் போனது.

சாயங்காலம் ஐந்தரைக்கு முகாம் ஆபரேட்டர் 31 பெயர் படித்தார். பத்திரமாக வந்து சேர்ந்தவர்கள் பட்டியல். நான் எழுத எழுத ஒரு பெண் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். ஈரப் புடவை, கையில் ஒரு டார்ச் லைட், அதை அணைக்கவே இல்லை. பட்டியல் முடிந்தது. "இன்னொரு தடவை படிக்கச் சொல்லும்மா" என்றார். கேட்டேன், படித்தார். "கடைசில வேகமா போயிட்டார், இன்னும் ஒரே ஒரு தடவை." மூன்றாவது முறையும் கேட்டேன். அந்தப் பக்கம் பேட்டரி கரைந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் படித்தார். முடித்துவிட்டு, "மேடம், யார் பேரைத் தேடுறாங்க? சொல்லுங்க, நான் கிளாஸ் கிளாஸா போய்க் கேட்டுட்டு வர்றேன்" என்றார்.

பெயரைச் சொன்னேன். எழுத்துக் கூட்டியும் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார், சரியாக. "ஸ்டேண்ட் பை" என்று போனார்.

பொழுது இறங்கியது. 40 மீட்டரில் அந்த நேரத்தில் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாக அமுங்க, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து யார் யாரோ ஏறி வந்தார்கள். ஆறே முக்காலுக்கு அதே அலைவரிசையில் ஓர் அயல்நாட்டுக்காரர் தன் ஏரியலைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு அடியில், மணலில் புதைந்ததுபோல, முகாமின் குரல். என் கால்சைன் (அழைப்புக் குறி) மட்டும் இரண்டு முறை புரிந்தது. அதற்குப் பிறகு சொன்னது எதுவும் புரியவில்லை.

இருட்டினதும் 80 மீட்டருக்கு (3.6 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) மாறலாம் என்று மதியமே பேசி வைத்திருக்க வேண்டும். நாங்கள் பேசவில்லை. பகலில் அத்தனை நன்றாகக் கேட்டதால் இருவருக்குமே தோன்றவில்லை. நான் 3.6க்குப் போய் இரவு பத்து வரை கூப்பிட்டேன். அவர் அங்கே வரவே இல்லை. அவர் எங்கே போய்க் கூப்பிட்டாரோ.

காலை ஏழு மணிக்கு முகாம் மறுபடி கேட்டது. ஆனால் மைக்கில் வேறு ஆள், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண்ணும் விடியும்முன் ஏதோ ஒரு லாரியில் ஏறிப் போய்விட்டிருந்தார்.

பன்னிரண்டு வோல்ட்:

நாற்பது மீட்டர் அக்காவுக்கு ஒன்று சொல்லணும். மாற்று அலைவரிசையை முதல் செய்தியிலேயே முடிவு பண்ணுங்க. ஆசிய பசிபிக் மண்டலத்துக்கு சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியம் அவசர காலத்துக்கென்றே மைய அலைவரிசைகள் வைத்திருக்கிறது: 3.600, 7.110, 14.300, 18.160, 21.360 மெகாஹெர்ட்ஸ். வேறு எதுவும் பேசி வைக்காவிட்டாலும், தொடர்பு அறுந்தால் ஒவ்வொரு மணி நேரத்தின் முதல் ஐந்து நிமிடம் 3.600இல் தேடுவோம் என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்கு இருவரும் கட்டுப்பட வேண்டும்.

என் கதை சின்னது. வெள்ளத்தின்போது ராத்திரி 3 மணிக்கு ஒரு டாக்டரிடமிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது. பாதியில் டயல் விளக்கு ஒருமுறை மங்கிப் பளிச்சிட்டது, செட் அணைந்தது. டாக்டர் அந்த முனையில் பேசிக்கொண்டே இருந்திருப்பார், கேட்க ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. ஜீப் பேட்டரியைக் கழற்றி வந்து மாட்ட 40 நிமிடம்.

அதனால் சொல்கிறேன், பேட்டரி விஷயத்தில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு இருக்காதீங்க. 100 வாட் எச்.எஃப். (சிற்றலை) செட் சும்மா கேட்கும்போது ஓர் ஆம்பியர், ஒன்றரை ஆம்பியர்தான் இழுக்கும். பேசும்போது 20 ஆம்பியர். 7 ஆம்பியர்-அவர் சீல்டு பேட்டரியை வைத்துக்கொண்டு முழு பவரில் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே அச்சடித்திருக்கும் 7 என்பது இருபது மணி நேரத்தில் மெல்ல மெல்ல இறக்கும் கணக்கு. 20 ஆம்பியர் இழுத்தால் அதில் பாதி கிடைத்தாலே அதிகம். பெரும்பாலான செட்டுக்கு 13.8 வோல்ட்டில் பதினைந்து சதவீதம் ஏற இறங்கலாம் என்று கம்பெனி சொல்கிறது. அதாவது 11.7க்குக் கீழே போனால் செட் தடுமாறும். பேட்டரியில் இன்னும் சரக்கு இருக்கும்போதே, பி.டி.டி. அழுத்தினதும் வோல்ட் விழுந்து செட் அணைவது இதனால்தான். மெல்லிசான நீள வயர் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம்.

முதலில் பவரைக் குறைங்க. 100லிருந்து 25 வாட்டுக்கு வந்தால் எதிர்முனையில் ஒரு எஸ் யூனிட்தான் (சிக்னல் வலுவில் ஒரு படிதான்) குறையும், அதைக் காது சமாளிக்கும். ஸ்பீக்கரை விட்டு ஹெட்ஃபோன் போடுங்க. கட்டுப்பாட்டு அறை மாதிரி நான்கு பேர் கத்துகிற இடத்தில் அதுவே பாதி வேலை. ஃபியூஸ் பேட்டரி முனைக்குப் பக்கத்தில் இருக்கணும், செட் பக்கத்தில் இருந்து பயனில்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்கினவர்கள் வோல்ட் மீட்டரை மட்டும் நம்பாதீங்க. கடைசிவரை 13 சொச்சம் காட்டிவிட்டு ஒரேயடியாகப் படுக்கும், அதற்கு ஆம்பியர்-அவர் எண்ணுகிற மீட்டர்தான் சரி. எல்லோரும் ஒரே மாதிரி கனெக்டர் வைத்துக்கொள்ளுங்க, அன்றைக்கு எனக்கு 40 நிமிடம் போனதில் பாதி, ஜீப் பேட்டரிக்குப் பொருந்தும் கிளிப் தேடியதில் போனது. அந்த டாக்டர் மறுபடி வந்தபோது செய்தியை முதலில் இருந்து சொன்னார், ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

புதுக்காது:

லைசென்ஸ் வாங்கி நான்கே மாதம் ஆகியிருந்தபோது நடந்தது. மாரத்தான், நான் மூன்றாவது சோதனைச் சாவடி. காரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். ஸ்பீக்கர் மைக் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் செருகிக்கொண்டது, பி.டி.டி. அழுந்திய நிலையில். எனக்குத் தெரியாது. ரேடியோ அமைதியாக இருக்கிறதே, எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்தேன்.

அங்கே ரிப்பீட்டரை நான் முழுக்கப் பிடித்து வைத்திருந்தேன். மூன்று நிமிடத்தில் டைம் அவுட் ஆகி ரிப்பீட்டர் தன் ஒலிபரப்பை அறுத்துவிட்டது. என் செட் விடாததால் மற்றவர்களுக்கும் வழியில்லை. எஃப்.எம்.மில் வலுவான சிக்னல் மற்றதை விழுங்கிவிடும், என் கார் ரிப்பீட்டர் மலைக்கு நேர் கீழே. எல்லோரும் சிம்ப்ளெக்ஸுக்கு (ரிப்பீட்டர் இல்லாமல் செட்டுக்கு செட் நேராகப் பேசுவதற்கு) மாறிவிட்டார்கள், என்னைத் தவிர.

கண்டுபிடித்தவர் நெட் கன்ட்ரோலில் இருந்த பெரியவர். ரிப்பீட்டரின் உள்வரும் அலைவரிசையைத் தனி செட்டில் வைத்துக் காது கொடுத்திருக்கிறார். என் காரின் இண்டிகேட்டர் டிக் டிக், பின்னால் தூரத்தில் ஒலிபெருக்கி, "பெண்கள் பிரிவு இடப்பக்கம்". அந்த அறிவிப்பு மூன்றாவது சாவடியில் மட்டும்தான். ஒரு பையனை ஓடவிட்டார்.

கண்ணாடியைத் தட்டின அந்தப் பையனுக்கு மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. என் மைக்கை நோக்கி விரலை நீட்டினான். அவ்வளவுதான். எட்டு நிமிடம். அன்றைக்கு அந்த எட்டு நிமிடத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் கை வேர்க்கிறது. பெரியவர் என்னைத் திட்டவே இல்லை. அடுத்த நிகழ்ச்சியில் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

மேட்டுநிலம்:

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன எல்லாமே நம் தரப்புத் தடுமாற்றம். நான் போன கடைசி இரண்டு ஓட்டப்பந்தயங்களில் அமைப்பாளர்கள் போனிலேயே முடித்துவிட்டார்கள். நான் ஒரு முனையில் நாள் முழுக்க செட்டைப் பிடித்தபடி நின்றேன், ஒரு செய்திகூட வரவில்லை. சாயங்காலம் ஒரு பெண்மணி வந்து "நீங்க செக்யூரிட்டியா?" என்று கேட்டார். புயலுக்கும் இப்போது செயற்கைக்கோள் போன் வந்துவிட்டது. நாம் தேவைதானா என்று உண்மையாகவே கேட்கிறேன்.

பழைய வால்வு:

தேவைதான். போனில் ஒருவர் ஒருவரிடம் பேசலாம். சிற்றலையின் நெட்டில் ரோவர் கத்தியதை இரண்டு ஆம்புலன்ஸும் அதே நொடியில் கேட்டன. அவர் தவறைத் திருத்தியதும் அதே நெட்தான். வளர்ந்த நாடுகளும் இதை விடவில்லை. அமெரிக்காவில் 1965இல் பெட்ஸி சூறாவளியின்போது தொடங்கிய ஹரிகேன் வாட்ச் நெட் இன்றும் 14.325 மெகாஹெர்ட்ஸில் கூடுகிறது.

2004 டிசம்பரில் நான் அந்தமானில் இருந்து ஒலித்த வி.யூ.4 ஆர்.பி.ஐ. என்ற கால்சைனைப் பிடிக்க நாள் கணக்காகக் காத்துக்கிடந்தவன். பாரதி பிரசாத்தின் குழு போர்ட் பிளேரில் இருந்து பேசியது, உலகமே அந்தத் தீவுக்காக முட்டி மோதியது. 26ஆம் தேதி சுனாமி. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே செட்டுகள் அன்றிலிருந்து சொந்தபந்தங்களின் செய்திகளைக் கரைசேர்க்கத் தொடங்கின. முந்தின நாள்வரை "ஐந்து ஒன்பது (சிக்னல் நன்றாகக் கேட்கிறது), நன்றி" என்று வாங்கிக்கொண்டு போகக் காத்திருந்த நாங்கள், மைக்கைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். குறுக்கே வேறு யாருடைய சிக்னல் விழுந்தாலும் மனசு பதறியது. அந்த அமைதியில் நானும் ஒரு பங்கு என்று நினைத்துக்கொள்வேன். செய்தி எதுவும் வராமல் நாள் முழுக்க நின்றீர்களே மேட்டுநிலம், அதுவும் அதே வேலைதான்.

செம்புக்கம்பி:

எல்லாம் சரி. ஆனால் நாற்பது மீட்டர் சொன்னதில் ஒன்று எனக்கு ஒப்பவில்லை. பெயர்ப் பட்டியலைத் திறந்த அலைவரிசையில் படிக்கலாமா? யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நாம் சங்கேதமாக மறைத்துப் பேசவும் முடியாது.

நாற்பது மீட்டர்:

இறந்தவர், காயப்பட்டவர் பெயரை நான் ஒருநாளும் மைக்கில் வாங்கியதில்லை, அதற்கு எண் மட்டும்தான், விவரம் தாளில் போகும். இது உயிரோடு இருப்பவர்கள் பட்டியல். அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செய்தி. யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் கேட்டு நிம்மதியாகட்டும் என்றுதான் படித்தோம்.

சிற்றலை:

எல்லோருக்கும் நன்றி. அடுத்த சைக்கிள் பயணத்துக்கும் என்னைத்தான் கன்ட்ரோலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை லாக் தாளில் இடத்துக்கு இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். ஒன்று வந்த எண்ணுக்கு, இன்னொன்று திருப்பிச் சொல்லி அவர் ஆமாம் என்ற பிறகு எழுத. இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் வண்டி கிளம்பாது. ரோவரும் அதே நண்பர்தான், அவரே கேட்டு வருகிறார்.

நாற்பது மீட்டர் அக்கா, அந்தப் பட்டியல் தாளை வைத்திருக்கிறீர்களா?

நாற்பது மீட்டர்:

இருக்கிறது தம்பி. நனைந்து காய்ந்த தாள், பென்சில் எழுத்து என்பதால் அழியவில்லை. அவர் கிளாஸ் கிளாஸாகத் தேடப் போனபோது, திரும்பி வந்ததும் உடனே எழுதிக்கொள்ள வசதியாக 31க்குக் கீழே 32 என்று எண் போட்டு, ஒரு புள்ளியும் வைத்தேன். அந்தம்மா அதைப் பார்த்துவிட்டு டார்ச்சை அந்த வரி மேலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆறே முக்கால் வரைக்கும் பிடித்திருந்தார்கள்.